டிசம்பர் பே ஸ்டப்பில் 1,19,600 டாலர், டபிள்யூ-2வில் 98,982: மீதிப் பணம் எங்கே?

டல்லாஸ்_புதியவன்:

எல்லோருக்கும் வணக்கம். 2024 கடைசியில் ஹெச்-1பி வேலை விசாவில் டல்லாஸ் வந்தேன், அதனால் 2025தான் எனக்கு இங்கே முதல் முழு வருடம். நேற்று டபிள்யூ-2 (வருடம் முடிந்ததும் கம்பெனி தரும் சம்பள, வரிப் படிவம்) வந்தது, திறந்து பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 4,600 டாலர், ஆக 26 சம்பளம், மொத்தம் 1,19,600. டிசம்பர் 26 பே ஸ்டப்பிலும் (சம்பளச் சீட்டு) அதே எண்தான் இருக்கிறது. ஆனால் டபிள்யூ-2வில் பாக்ஸ் 1ல் 98,982 என்று போட்டிருக்கிறார்கள். அது போதாது என்று பாக்ஸ் 3லும் 5லும் 1,10,942. ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே வருடம், மூன்று சம்பளம். அப்புறம் பாக்ஸ் 12ல் டிடி என்று போட்டு 21,840 டாலர். இந்தப் பணத்தை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. இதற்கும் வரி கட்டச் சொல்வார்களா? கம்பெனியில் கேட்டதற்கு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டார்கள். யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

எடிசன்வாசி:

பயப்படாதீர்கள் நண்பரே, எனக்கும் முதல் வருடம் இதே குழப்பம்தான். உங்கள் ஸ்டப்பில் 401கே (ஓய்வுக்கால சேமிப்பு), மெடிக்கல் இன்ஷூரன்ஸ், ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) எல்லாம் எவ்வளவு பிடித்தார்கள் என்று போடுங்கள், இந்த வருடத்துக்கான மொத்தம் என்று ஒரு வரிசை இருக்கும், அதிலிருந்து எடுங்கள்.

டல்லாஸ்_புதியவன்:

401கே 11,960 (சம்பளத்தில் 10 சதவீதம்). மெடிக்கல் 6,240. ஹெச்எஸ்ஏ 2,600. இவற்றை 1,19,600ல் கழித்தால் 98,800 வருகிறது. டபிள்யூ-2வில் 98,982. அப்போதும் 182 டாலர் இடிக்கிறது. குறைவாக இருந்தாலாவது பரவாயில்லை, நான் வாங்காத 182 டாலரை அதிகமாகக் காட்டியிருக்கிறார்கள். தப்புதானே இது?

கணக்குப்பிள்ளை:

தம்பி, உங்கள் கணக்கு சரி, அவர்கள் கணக்கும் சரி. நான் பல வருடம் பேரோல் (சம்பளக் கணக்கு) பக்கம் வேலை பார்த்தவன், ஜனவரி பிறந்தால் இந்தக் கேள்விதான் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பே ஸ்டப் உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள கணக்கு: இவ்வளவு பேசினோம், இவ்வளவு பிடித்தோம், இவ்வளவு கையில் கொடுத்தோம். டபிள்யூ-2 அப்படியில்லை. கம்பெனி அதை உங்களுக்கும் கொடுக்கும், சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) நிர்வாகத்துக்கும் அனுப்பும், வரித்துறையான ஐஆர்எஸ் கைக்கும் அது போய்ச் சேரும். அதில் "சம்பளம்" என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. வருமான வரிச் சட்டம் எதைச் சம்பளம் என்கிறதோ அது பாக்ஸ் 1. சோஷியல் செக்யூரிட்டிக்கு எது சம்பளமோ அது பாக்ஸ் 3. மெடிகேருக்கு (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பாக்ஸ் 5. உங்கள் ஆஃபர் லெட்டரில் இருக்கும் 1,19,600க்கு இந்தப் படிவத்தில் இடமே கிடையாது. எத்தனை பேர் அந்த எண்ணைத் தேடித் தேடி நொந்துபோகிறார்கள் தெரியுமா?

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். மெடிக்கல் பிரீமியமும் சம்பளத்திலிருந்து நேராகப் போகும் ஹெச்எஸ்ஏ பணமும் செக்‌ஷன் 125 திட்டத்தின் கீழ் வருபவை. அவற்றுக்கு வருமான வரியும் கிடையாது, சோஷியல் செக்யூரிட்டியும் கிடையாது, மெடிகேரும் கிடையாது. அதனால் மூன்று பாக்ஸிலும் அவை கழிந்துவிடும். 401கே வேறு மாதிரி. அதில் போடும் பணத்துக்கு இன்றைக்கு வருமான வரி மட்டும்தான் இல்லை, சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் உண்டு. அதனால் அது பாக்ஸ் 1ல் மட்டும் கழியும், 3லும் 5லும் கழியாது. உங்கள் பாக்ஸ் 3லிருந்து பாக்ஸ் 1ஐக் கழித்துப் பாருங்கள்: 1,10,942 கழித்தல் 98,982, சரியாக 11,960. உங்கள் 401கே. பாக்ஸ் 12ல் டி என்ற எழுத்துக்குப் பக்கத்திலும் அதே 11,960 இருக்க வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள். (ராத் 401கே என்றால் கதை வேறு, அதற்கு இன்றைக்கே வரி உண்டு, பாக்ஸ் 1ல் கழியாது, எழுத்தும் ஏஏ என்று மாறும்.)

182 டாலர் எனக்குத் தெரிந்து ஒன்றாகத்தான் இருக்கும். ஸ்டப்பில் ஜிடிஎல் என்று, அல்லது குரூப் டெர்ம் லைஃப் என்று சின்னதாக ஒரு வரி இருக்கிறதா?

டல்லாஸ்_புதியவன்:

இருக்கிறது அண்ணா! ஒவ்வொரு ஸ்டப்பிலும் 7 டாலர். பிடித்தம் என்று நினைத்து அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 26 தடவை 7, 182. டி பக்கத்திலும் 11,960 இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

அதேதான். கம்பெனி தன் செலவில் உங்கள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்திருக்கிறது. 50,000 டாலர் வரை வரியில்லை, அதற்கு மேல் உள்ள காப்பீட்டுக்கு ஐஆர்எஸ் ஒரு விலைப் பட்டியல் வைத்திருக்கிறது, வயதைப் பொறுத்து. 30 முதல் 34 வயது என்றால் ஆயிரம் டாலர் காப்பீட்டுக்கு மாதம் 8 சென்ட். உங்களுக்கு வருடச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு காப்பீடு என்று வைத்துக்கொள்வோம், 2,39,200. அதில் 50,000 போக 1,89,200. மாதம் 15 டாலர் 14 சென்ட், வருடத்துக்கு கிட்டத்தட்ட 182. நான் ஊகித்தது சரியென்றால் உங்கள் வயது முப்பத்து சொச்சம்.

அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, ஆனாலும் அது உங்களுக்குக் கிடைத்த சம்பளம் என்று சட்டம் பார்க்கிறது. பாக்ஸ் 1, 3, 5 மூன்றிலும் சேர்ப்பார்கள், பாக்ஸ் 12ல் சி என்று தனியாகவும் காட்டுவார்கள். அங்கே தனியாக இருக்கிறதே என்று திரும்ப ஒருமுறை வருமானத்தில் கூட்டிவிடாதீர்கள், ஏற்கெனவே கூட்டியாகிவிட்டது.

டிடியில் இருக்கும் 21,840க்கு வரி கிடையாது. மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கு நீங்கள் கட்டிய 6,240ம் கம்பெனி தன் பங்காகக் கட்டிய 15,600ம் சேர்ந்தது அது. தகவலுக்காக மட்டும் போடுகிறார்கள்.

டல்லாஸ்_புதியவன்:

32 வயது, ஊகம் சரி. அண்ணா, ரொம்ப நன்றி. ஊரில் ஃபார்ம் 16 பார்த்துப் பழகியவன், அதில் மொத்தச் சம்பளத்தில் ஆரம்பித்து, விலக்கு, கழிவு எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டி, கடைசியில் வரி எவ்வளவு என்பது வரை படிப்படியாக இறங்கி வரும். இங்கே கணக்கின் விடையை மட்டும் கொடுத்துவிட்டு வழியைக் காட்டாமல் விட்டதுபோல இருக்கிறது. இன்னொன்று, பாக்ஸ் 12ல் டபிள்யூ என்று 3,100 இருக்கிறதே, என் ஹெச்எஸ்ஏ 2,600தானே?

எடிசன்வாசி:

மீதி 500 உங்கள் கம்பெனி போட்டதாக இருக்கும், பல கம்பெனிகள் ஜனவரியில் போடும். கவனம்: வரி மென்பொருள் "நீங்கள் தனியாக ஹெச்எஸ்ஏவில் எவ்வளவு போட்டீர்கள்" என்று கேட்கும்போது 2,600 என்று போடாதீர்கள். சம்பளத்தில் பிடித்ததையும் டபிள்யூ கணக்கிலேயே சேர்த்திருப்பார்கள். உங்கள் வங்கியிலிருந்து நேராக அனுப்பியிருந்தால் மட்டும்தான் அங்கே போட வேண்டும். நான் ஒரு வருடம் இரண்டு இடத்திலும் போட்டு, வரம்பைத் தாண்டிவிட்டதாக மென்பொருள் சிவப்பில் காட்ட, அரைநாள் தேடினேன்.

இப்போது என் கேள்வி. நான் நியூ ஜெர்சி. என் பாக்ஸ் 1ஐவிட பாக்ஸ் 16, அதாவது மாநிலச் சம்பளம், எட்டாயிரத்துக்கு மேல் அதிகமாக இருக்கிறது. மாநிலத்துக்கு மட்டும் நான் அதிகம் சம்பாதித்தேனா?

கணக்குப்பிள்ளை:

நியூ ஜெர்சி செக்‌ஷன் 125ஐ ஏற்பதில்லை. மெடிக்கல் பிரீமியம் வரிக்கு முன்னால் கழிந்தது என்று ஃபெடரல் (மத்திய அரசு) சொன்னால், இல்லை, அதுவும் சம்பளம்தான் என்கிறது உங்கள் மாநிலம். ஹெச்எஸ்ஏவும் அங்கே அப்படித்தான். 401கேயை மட்டும் ஒத்துக்கொள்ளும். அந்த எட்டாயிரம் உங்கள் பிரீமியமும் ஹெச்எஸ்ஏவும் சேர்ந்தது, கூட்டிப் பாருங்கள்.

எடிசன்வாசி:

கூட்டினேன், சென்ட் வரை சரியாக வருகிறது. இத்தனை வருடம் புரியாமலே கட்டியிருக்கிறேன்.

பிட்ஸ்பர்க்_அக்கா:

எங்கள் பென்சில்வேனியாவில் இதற்கு நேர்மாறு. மெடிக்கல் பிரீமியத்தை விட்டுவிடுவார்கள், 401கேயை விடமாட்டார்கள். 401கேயில் நான் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலத்தின் 3.07 சதவீதம் இப்போதே கட்டியாக வேண்டும். அதனால் எனக்கும் பாக்ஸ் 16 பெரிது. ஆறுதல் என்னவென்றால் ஓய்வு பெற்றபின் அந்தப் பணத்தை எடுக்கும்போது மாநிலம் கேட்காது. இதற்கெல்லாம் கீழே பாக்ஸ் 19ல் ஊர் வரி வேறு. டல்லாஸ் தம்பிக்கு இந்தத் தலைவலி இல்லை, டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது, அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. தயவுசெய்து யாரும் கடைசி பே ஸ்டப்பை வைத்து ரிட்டர்ன் போடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் என் கணவர் ரீஃபண்ட் சீக்கிரம் வரட்டும் என்று, டபிள்யூ-2 வருவதற்குள் டிசம்பர் ஸ்டப்பில் இருந்த எண்களை எடுத்துப் போட்டுவிட்டார். ஸ்டப்பிலேயே "வரிக்குரிய சம்பளம்" என்று தனியாக ஒரு எண் அச்சிட்டிருந்தார்கள், அதைத்தான் எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கடைசிச் சம்பளத்துக்கு அப்புறம் கம்பெனி வருடக் கணக்கை முடிக்கும்போது, வேலை மாற்றத்தில் வீடு மாறிய செலவுக்குக் கொடுத்த தொகையை வருமானத்தில் சேர்த்திருக்கிறார்கள். டபிள்யூ-2 வந்தபோது ஐயாயிரத்துச் சொச்சம் கூடுதலாக இருந்தது. 1040-எக்ஸ் போட்டுத் திருத்தி, வந்த ரீஃபண்டில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டி, அந்த வருடம் முழுக்க எங்களுக்கு அதுதான் பேச்சு. அதுவும் எனக்கு அப்போது ஏழாம் மாதம், மருத்துவமனைக்கும் தபால் ஆபீஸுக்குமாக அலைந்தோம். ரீஃபண்ட் மூன்று வாரம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது.

சான்ஹோசே_காரன்:

அக்கா சொன்னதற்கு நூறு சதவீதம் உடன்படுகிறேன். ஆர்எஸ்யூ (சம்பளத்தோடு கம்பெனி தரும் பங்கு) வாங்குபவர்கள் இதையும் படியுங்கள். பங்கு உங்கள் கணக்குக்கு வந்து சேரும் நாளில் அதன் மதிப்பு முழுவதும் சம்பளம். 100 பங்கு, ஒன்று 150 டாலர் என்றால் 15,000 டாலர் உங்கள் பாக்ஸ் 1, 3, 5ல் ஏறிவிடும். ஸ்டப்பில் வருமானப் பக்கம் 15,000 என்று ஒரு வரி, பிடித்தப் பக்கம் அதை அடிக்க இன்னொரு வரி, கையில் வரும் பணத்தில் ஒன்றும் தெரியாது. வரிக்காகக் கொஞ்சம் பங்கைக் கம்பெனியே விற்றுவிடும், பெரும்பாலும் 22 சதவீதம்தான் பிடிப்பார்கள், உங்கள் வரி அடுக்கு 32 சதவீதம் என்றால் மீதியை ஏப்ரலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

பிரச்சினை அதற்கு அப்புறம். அந்தப் பங்கை 152க்கு விற்றேன். புரோக்கர் அனுப்பிய 1099-பியில் விற்ற தொகை 15,200, வாங்கிய விலை என்ற இடத்தில் பூஜ்யம். அப்படியே மென்பொருளில் இறக்கினேன், 15,200 முழுதும் லாபம் என்று எடுத்துக்கொண்டது. உண்மையான லாபம் 200தான், ஏனென்றால் 15,000க்கு ஏற்கெனவே டபிள்யூ-2 வழியாக வரி கட்டியாகிவிட்டது. ஒரே பணத்துக்கு இரண்டு முறை கட்டினேன். இரண்டு வருடம் கழித்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. திருத்திப் போட மூன்று வருடம் அவகாசம் இருந்ததால் பணம் திரும்பியது. புரோக்கர் தளத்தில் கூடுதல் தகவல் என்று தனியாக ஒரு அறிக்கை இருக்கும், அதில் சரியான விலை இருக்கும், ஃபார்ம் 8949ல் அதைப் போடுங்கள்.

சிகாகோ_ஓபிடி:

அண்ணன்மாரே, அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். நான் எஃப்-1 விசா, 2022 ஆகஸ்டில் படிக்க வந்தேன், இப்போது ஸ்டெம் ஓபிடியில் (படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே கிடைக்கும் வேலை அனுமதி) வேலை. 2025 முழுதும் வேலை பார்த்தேன், 80,000 டாலர். என் டபிள்யூ-2வில் பாக்ஸ் 4ல் (சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம்) 4,960, பாக்ஸ் 6ல் (மெடிகேர் பிடித்தம்) 1,160. என்னோடு படித்த பையனுக்கு இந்தக் கட்டங்கள் எல்லாமே காலி. ஸ்டப்பைத் திரும்பப் பார்த்தால் முதல் மாதத்திலிருந்தே பிடித்திருக்கிறார்கள், நான்தான் கவனிக்கவில்லை. கடன் வாங்கிப் படித்தவன், 6,120 டாலர் எனக்குச் சின்னத் தொகை இல்லை.

கணக்குப்பிள்ளை:

தம்பி, அது உங்கள் பணம், நிச்சயமாகக் கேளுங்கள். எஃப்-1ல் வந்தவர் முதல் ஐந்து காலண்டர் வருடம் வரிக் கணக்கில் வெளிநாட்டவர். ஆகஸ்டில் வந்தாலும் 2022 முழு வருடமாக எண்ணப்படும், ஆக 2026 முடிய. அதுவரை விசா விதிப்படி செய்யும் வேலைக்கு, ஓபிடி உட்பட, சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பிடிக்கக் கூடாது. (ஹெச்-1பிக்கு மாறிய நாளிலிருந்து பிடிப்பார்கள், அது சரி.)

முதலில் கம்பெனி பேரோலுக்கு எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். வருடத்தின் கடைசி ஸ்டப், ஐ-20 (கல்லூரி தந்த மாணவர் படிவம்), வேலை அனுமதி அட்டை மூன்றையும் இணையுங்கள். அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து டபிள்யூ-2சி என்ற திருத்தப் படிவம் தர வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே இல்லையென்றால் ஃபார்ம் 843, கூடவே 8316, ஐஆர்எஸ்ஸுக்குத் தபாலில். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வரும். இதை வருமான வரி ரிட்டர்னில் கேட்க முடியாது, இது தனிப் பாதை.

இன்னொன்று, நீங்கள் போட வேண்டியது 1040-என்ஆர், வெளிநாட்டவருக்கான ரிட்டர்ன். மென்பொருள் சும்மா 1040க்கு இழுத்துக்கொண்டு போகும், போகாதீர்கள். இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தத்தின் 21வது பிரிவால் நம் மாணவர்களுக்கு அதிலும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு. மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்கு இது இல்லை, அதனால் கல்லூரி நண்பர்கள் இல்லை என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அட்லாண்டா_77:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். ஜூலையில் வேலை மாறினேன். பழைய இடத்தில் 1,10,000, புதிய இடத்தில் 95,000. இரண்டு டபிள்யூ-2வும் தனித்தனியே ஸ்டப்போடு ஒத்துப்போகிறது, தப்பு இல்லை. ஆனாலும் ஏதோ அதிகமாகக் கட்டியதுபோல மனசு சொல்கிறது.

கணக்குப்பிள்ளை:

மனசு சரியாகத்தான் சொல்கிறது. 2025ல் சோஷியல் செக்யூரிட்டி 1,76,100 டாலர் சம்பளம் வரைதான். அதிகபட்சம் 10,918.20. உங்கள் இரண்டு கம்பெனியும் ஒன்றுக்கு மற்றது தெரியாமல் 6,820ம் 5,890ம் பிடித்திருக்கும், மொத்தம் 12,710. கூடுதலான 1,791.80ஐ ஷெட்யூல் 3ல் காட்டினால் வரியில் கழிந்துவிடும், மென்பொருள் தானாகவே செய்யும், இரண்டு டபிள்யூ-2வையும் தனித்தனியே பதிந்தால். கூட்டி ஒன்றாகப் போட்டால் செய்யாது. மெடிகேருக்கு உச்சவரம்பு கிடையாது, அதில் ஒன்றும் திரும்பாது. இரண்டு இடத்து 401கேயையும் கூட்டிப் பாருங்கள், ஐம்பது வயதுக்குக் கீழ் என்றால் 23,500க்கு மேல் போயிருந்தால் ஏப்ரல் 15க்குள் எடுத்தாக வேண்டும்.

டல்லாஸ்_புதியவன்:

கடைசியாக ஒரு கேள்வி அண்ணா. டிசம்பர் கடைசி வாரம் பார்த்த வேலைக்கு ஜனவரி 9ல்தான் சம்பளம் வந்தது. அது 2025ல் சேர வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:

சேராது. எந்த நாளில் பணம் கொடுத்தார்களோ அந்த வருடம், எந்த நாளில் உழைத்தீர்கள் என்பது இல்லை. 2025 ஜனவரி 10ல் வாங்கிய சம்பளம் 2024 டிசம்பரில் உழைத்ததுதானே, அது உங்கள் 2025 டபிள்யூ-2வில் இருக்கிறது. ஜனவரி 10 முதல் டிசம்பர் 26 வரை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எண்ணுங்கள், 26 சம்பள வெள்ளிக்கிழமை வரும்.

சென்ட் வரை பொருந்த வேண்டியவை எவை என்றால் பிடித்த வரிகள். பாக்ஸ் 2, 4, 6. ஸ்டப்பின் வருட மொத்தத்தோடு இவை ஒத்துப்போகாவிட்டால்தான் சண்டை போட வேண்டும். சம்பள எண்கள் வித்தியாசப்படுவது இயல்பு, வரி எண்கள் வித்தியாசப்பட்டால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள். உங்களுக்கு பாக்ஸ் 4ல் 6,878.40ம் பாக்ஸ் 6ல் 1,608.66ம் இருக்க வேண்டும், ஒன்றிரண்டு சென்ட் முன்னேபின்னே. வருடத்தின் கடைசி ஸ்டப்பைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பெனி டபிள்யூ-2வே தராமல் போனாலோ தப்பைத் திருத்தாமல் போனாலோ, பிப்ரவரி முடிந்தபின் ஐஆர்எஸ்ஸைக் கூப்பிட்டு டபிள்யூ-2வுக்குப் பதிலான ஃபார்ம் 4852 போடலாம், அப்போது அந்த ஸ்டப்தான் உங்கள் ஒரே சாட்சி.

பாக்ஸ் 3ஐயும் ஒவ்வொரு வருடமும் சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் சரிபாருங்கள். ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். 40 கிரெடிட் இருந்தால்தான் ஓய்வூதியம், வருடத்துக்கு நான்குதான் கிடைக்கும், ஆக குறைந்தது பத்து வருடம். இந்தியாவோடு அமெரிக்காவுக்கு அந்த வருடங்களைச் சேர்த்து எண்ணும் ஒப்பந்தம் இல்லை. எட்டு வருடம் கட்டிவிட்டுத் திரும்பிப் போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், எனக்கு இன்றும் வருத்தம்தான்.

டல்லாஸ்_புதியவன்:

பாக்ஸ் 4ல் 6,878.40. பாக்ஸ் 6ல் 1,608.66. இரண்டும் அப்படியே இருக்கிறது. ஸ்டப்போடும் பொருந்துகிறது. 98,982ஐயே போட்டு இன்று இரவு அனுப்புகிறேன்.

சிகாகோ_ஓபிடி:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். பேரோலுக்கு எழுத்தில் கேட்டேன், மூன்று இணைப்போடு. முதல் பதில் "எல்லா ஊழியருக்கும் பிடிப்போம்" என்று வந்தது. கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதை விளக்கி, 2022 முதல் ஐந்து வருடம் எண்ணிக் காட்டி மறுபடி எழுதினேன். இன்று காலை பதில் வந்திருக்கிறது, தவறுதான், அடுத்த சம்பளத்தோடு 6,120 திருப்பித் தருகிறோம், டபிள்யூ-2சி இரண்டு வாரத்தில் என்று. என்னோடு அதே கம்பெனியில் இன்னும் மூன்று ஓபிடி பசங்க இருக்கிறார்கள், அவர்களுடைய ஸ்டப்பை இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.